மீரா சாகிப்பின் ஜன்னலும் நாற்பத்தொன்றாம் நம்பரும்

மீரா சாகிப்புக்கு எதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் முள் பாதி என்று காட்டினாலும் நம்பமாட்டார். மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். ரைஸ் குக்கர் மூடியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து, மனைவி சபூராவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுக்கிற வேலை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது அவருக்கே கிடைத்திருந்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் அவருக்கு டீபக்கர் வேலை. ஓடுகிற புரோகிராமை வரிவரியாக நிறுத்தி, எந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டுவதுதான் டீபக்கர். அங்கே இருந்த பழைய டீபக்கர் முந்நூறு மாறிகளையும் ஒரே பட்டியலாகக் கொட்டும். ஒரு வரி நகர்ந்தால் எது மாறியது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். பத்து வருஷம் ஆறின டீ குடித்தபிறகு சாகிப்புக்குப் பொறுமை போய்விட்டது.

இரண்டு வருஷம் மதிய இடைவேளைகளைத் தொலைத்து, கம்ப்யூட்டர் திரையில் திறக்கிற ஒரு ஜன்னலைத் தானே செய்தார். மாறிய மதிப்பு சிவப்பாகும். பழைய மதிப்பு பக்கத்திலேயே மங்கலாக நிற்கும். தேவையில்லாதவை கீழே ஒதுங்கிக்கொள்ளும். இத்தனைக்கும் மேலே அவருடைய செல்லப்பிள்ளை ஒன்று உண்டு. புரோகிராம் நிற்கிற வரியில் என்னென்ன வருகிறதோ, அத்தனையின் விடையையும் யாரும் கேட்காமலே முன்கூட்டி வாங்கி, உச்சியில் காட்டிவிடும். பதினெட்டு மேசையிலும் அதுதான் ஓடியது. எல்லாரும் அதை 'சாகிப் ஜன்னல்' என்பார்கள். அப்படி யாராவது சொன்னால், காதில் விழாதவர் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த தனுஜாதான் முதலில் வாயைத் திறந்தாள். சில்லுத் தட்டுகள் வரிசையில் காத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்பது அவள் எழுதிய புரோகிராம்.

"அண்ணே, உங்க ஜன்னல தொறந்து வச்சு ஓட்டுனா, ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுதான் எடுக்குது. மூடிட்டா ஒழுங்கா ஓடுது லா."

"ஜன்னல் பாக்க மட்டும்தான் செய்யும், தங்கச்சி. பாத்ததுக்கெல்லாம் பொருள் காணாமப் போவுமா?" என்றார் சாகிப். அதோடு விடாமல் திரையில் விரலை வைத்தார். "இங்க பாரு. ஜன்னல்ல ஒன்னாம் தட்டுன்னு இருக்கு. உன் புரோகிராம் கையில ரெண்டாம் தட்டு இருக்கு. நடுவுல முழுங்குனது யாரு?"

ஒன்பது நாள் இதே பஞ்சாயத்து. தனுஜா தன் புரோகிராமை ஆறு தடவை பிரித்துப் பார்த்துவிட்டாள். ஏழாவது தடவை பார்க்கும்போது அவள் கண் கலங்கியிருந்ததை சாகிப் கவனித்தார், கவனித்தும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பிரிவின் தலைவர் ஸுல்கிஃப்லி நடுவில் வந்தார்.

"திங்கக்கிழமைக்குள்ள தப்பு எங்கன்னு தெரியணும், அண்ணே. ஜன்னல்லதான்னா பதினெட்டு மேசையிலயும் கழட்டிடுவோம். பழைய டீபக்கரே போதும்."

அந்த ஜன்னலைக் கழற்றினால் கம்பெனியில் சாகிப்புக்கென்று மிஞ்சுவது ஒரு மேசையும் ஆறின டீயும்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அதே சாலையில் இருக்கும் அப்துல் ரசாக்கின் நாசி கண்டார் குழம்புச்சோற்றுக் கடைக்கு வந்தார். போன வாரம் யார் முந்தி என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டதால், அப்துல் ரசாக் வாசலில் புதிதாக நம்பர் மெஷின் வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். சாகிப் அமுக்கினார். நாற்பத்தொன்று. உள்ளே பலகையில் முப்பத்துமூன்று ஓடியது.

பின்னால் ஒருவர் வந்து சீட்டு எடுத்தார். இப்போது நம்பர் எதில் நிற்கிறது என்று பார்க்காமல் சாகிப்புக்கு இருப்புக்கொள்ளவில்லை. அமுக்கினார். நாற்பத்துமூன்று. இன்னொருவர் வந்தார். சாகிப் அமுக்கினார், நாற்பத்தைந்து. அதற்கப்புறமும் ஒருவர் வந்தார், அப்புறமும் அமுக்கினார். கடைசியாக வந்த மதிப்புதான் செல்லும் என்பது அவருடைய தொழில் பழக்கம். அதனால் பழைய சீட்டுகள் பைக்குள் போயின; நாற்பத்தேழு கையில் இருந்தது.

"நாப்பத்தொன்னு," என்று கூப்பிட்டார் அப்துல் ரசாக். ஆளில்லை. மூன்று தடவை கூப்பிடாமல் அடுத்த நம்பருக்குக் கரண்டியைத் தொடமாட்டேன் என்பது அவர் வைத்த சட்டம். மூன்று தடவை கூப்பிட்டார். நாற்பத்திரண்டு வந்தது. நாற்பத்துமூன்றைக் காணோம், மறுபடி மூன்று தடவை. நாற்பத்துநான்கு வந்தது. நாற்பத்தைந்தைக் காணோம். கூட்டம் முணுமுணுத்தது. எல்லாரையும்விடச் சத்தமாக முணுமுணுத்தவர் மீரா சாகிப்.

"நம்பர எடுத்துட்டு எங்கதான் போய்த் தொலையிறாங்களோ. அடுத்தவன் பசி தெரியாத ஜென்மங்க."

"ஒன்னு விட்டு ஒன்னு ஆளே இல்ல, பாத்தீங்களா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சாகிப் வியர்வையைத் துடைக்கப் பையில் கைவிட்டுக் கைக்குட்டையை உருவினார். அதோடு மூன்று சீட்டும் தரையில் விழுந்தன. பக்கத்தில் நின்றவர் குனிந்து எடுத்து, ஒவ்வொன்றாக, உரக்கப் படித்தார்.

"என்ன தம்பி இது?" என்றார் அப்துல் ரசாக்.

"எதுவரைக்கும் போயிருக்குன்னு சும்மா பாக்கத்தான் எடுத்தேன், அண்ணே."

"பாக்க எடுத்தாலும் எடுத்ததுதானே லா. உன் மனசு மெஷினுக்குத் தெரியுமா?"

சாகிப் மூன்று சீட்டையும் வாங்கி, கையிலிருந்த நாற்பத்தேழோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒன்று விட்டு ஒன்று. ஒன்பது நாளாக இதைத்தானே அந்தப் பெண் சொன்னாள். 'அடுத்த தட்டைக் கொடு' என்கிற வரியில் புரோகிராம் நிற்கிறது. அதன் விடையைக் காட்டுவதற்காக அவருடைய செல்லப்பிள்ளை முந்திக்கொண்டு போய்க் கேட்கிறது. வரிசை ஒன்றாம் தட்டை ஜன்னலிடம் கொடுத்துவிடுகிறது. அப்புறம் புரோகிராம் கேட்டால் இரண்டாம் தட்டுதானே கிடைக்கும். முழுங்கியது அவருடைய ஜன்னல்.

கடையில் பட்ட அவமானம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தனுஜாவை நினைத்தபோதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்துல் ரசாக் 'நாப்பத்தேழு' என்று மூன்று தடவை கூப்பிட்டபோது அந்த நம்பருக்கும் ஆளில்லை. சாகிப் கம்பெனிக்குப் பாதி வழியில் போய்க்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மனம் குறுக்கு வழி காட்டியது. சனி ஞாயிறில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். திங்கட்கிழமை, என்னமோ தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் ஏழு தடவை பிரித்துப் பார்த்தது அவருக்குத் தெரியுமே.

ஸுல்கிஃப்லியையும் கூட்டிக்கொண்டு போய், தனுஜா மேசையில் நான்கு சீட்டுகளையும் பரப்பினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "தப்பு என் மேலதான், தங்கச்சி. ஒன்பது நாளா உன்னைத் திருடி மாதிரி நிக்க வச்சுட்டேன். மன்னிச்சிரு."

ஸுல்கிஃப்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "அப்ப சொன்ன மாதிரி கழட்டிட வேண்டியதுதான்."

சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை உண்மையிலேயே துடைக்க வேண்டியிருந்தது.

"கழட்ட வேணாம், பாஸ்," என்றாள் தனுஜா. "அந்த முந்நூறு வரி லிஸ்டுக்கு என்னால திரும்பிப் போக முடியாது. போய் எடுக்கிற விஷயம்னா மட்டும், எடுக்கவான்னு நம்மள கேட்கட்டும். கேட்காம கை வைக்கக் கூடாது, அவ்ளோதான்."

திங்கட்கிழமை அப்படியே ஆயிற்று. சிவப்பும் மங்கலும் பழையபடி இருந்தன. 'அடுத்த தட்டு' வரும் இடத்தில் மட்டும் மதிப்புக்குப் பதிலாக ஒரு மூடிய பெட்டி. அதன்மேல் 'பாக்க எடுத்தாலும் எடுத்ததுதான்' என்று எழுதியிருந்தது. தனுஜா அதைத் தொடாமல் ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுகள் ஒழுங்காக நகர்ந்தன.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று சாகிப் எட்டி எட்டிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பார்க்க அவர் விரல் தன்னையறியாமல் நீண்டது.

"அண்ணே," என்றாள் தனுஜா, திரும்பாமலே. "நீங்க போய் டீ குடிங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

சாகிப் போய்க் குடித்தார். டீ சூடாக இருந்தது.