கொட்டகை வாசலில் நின்றவர்

என் கணவர் புனேயில் ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவருடைய அதிகாரியோடு ஊருக்கு வெளியே அணை ஏரிக்குப் போய்விடுவார். அதிகாரியின் பாய்மரப் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். சுக்கான் அதிகாரி கையில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகு கவிழாமல் வெளியே சாய்ந்து உட்காருவது இவர். பத்தொன்பது வருஷம் அப்படிப் போனார்.

ஏரிக்கரையில் அவர்கள் போய்வந்த படகு கிளப் எங்களுக்கெல்லாம் ரொம்ப முந்தியது. முதலில் கரையோரத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் இருந்தது. மேட்டில் கல் கட்டடம் எழும்பியதும் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். பிரிப்பதற்கு முந்தின வாரம், அதன் வாசலில் கதவுக்கு ஒரு பக்கமாக ஈரச் சட்டையோடு இவர் நின்ற போட்டோ ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் சிரித்தபடி இருக்கும் படம் அது ஒன்றுதான். கல்யாணப் படத்தில்கூட முறைத்துக்கொண்டிருப்பார்.

அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, கல் கட்டடத்தையும் இடித்துவிட்டு மூன்றாவதாக ஒன்று கட்டினார்கள். கிளப்பின் வரலாற்றைப் படங்களாகச் சுவரில் மாட்டும் பொறுப்பு, புனேயிலேயே கராடிப் பகுதியில் ஐடி வேலை பார்க்கும் சென்னைப் பெண் ஒருத்திக்கு. அதிகாரி சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"கொட்டகையோட போட்டோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி. ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

கொடுத்தேன். அவரைப் பெரிதாகச் சுவரில் பார்க்கலாம் என்று ஆசை.

திறப்பு விழாவுக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. கூரை, கதவு, தகரத்தில் ஏறிய துரு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவர் இல்லை. கதவு வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"அவர் எங்கேம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வாடிப்போயிற்று. "பில்டிங் மட்டும் போதும்னு சொன்னாங்க ஆன்ட்டி. நான் யோசிக்கவே இல்ல."

அதிகாரி மெல்ல நடந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். அண்ணி என்று கூப்பிடுவதுபோல என்னை 'வஹினி' என்பார். கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டத்துக்கு வெளியே வெறும் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்கதான் நின்னான் வஹினி," என்றார் மராத்தியில். "படம் எடுத்ததே நான்தான்."

"தெரியும் சாப்," என்றேன்.

அடுத்த வாரம் அவள் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்டும் இடத்தைக் காட்ட, யாரோ சிவப்புப் பேனாவால் அவர் தோளை ஒட்டிக் கோடு இழுத்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். கோடு போகவில்லை. தோள் பக்கம் சட்டையின் நிறம்தான் கொஞ்சம் கலைந்தது. அதற்கு மேல் துடைக்க மனசு வரவில்லை.