இடப்பக்கமாக அழித்த எண்

மேடை கிடைத்தால் என் வாய் சும்மா இருக்காது. லிங்கி பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில் கணிதம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சிரம்பானில் இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர் என்ற மிதப்போடு போனேன்.

வெண்பலகையில் 73939133 என்று எழுதினேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் அது. வலக்கோடி இலக்கத்தை அழித்தால் மிஞ்சுவதும் பகா எண். இன்னொன்றை அழித்தாலும் அப்படியே. கடைசியில் நிற்கும் 7 வரைக்கும் பிசகாது. இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது. எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எந்தப் பக்கத்துலேர்ந்து அழிச்சாலும் இப்படித்தான்" என்று சரிபார்க்காமல் அளந்துவிட்டு, முழு எண்ணையும் மறுபடி எழுதி, இடப்பக்கமாக ஒவ்வொன்றாக அழித்தேன். பலகையில் 133 நின்றது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அந்தத் தோட்டத்து மண்டோர். எண்ணெய்க்காக வெட்டிய செம்பனைக் குலைகளை எண்ணிச் சொல்பவர்.

"சார், இது வகுபடும்லா. ஏழு ஏழா குலைய அடுக்குனா பத்தொம்போது வரிசை. ஒன்னும் மிஞ்சாது."

அவர் சொன்னது சரியென்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், "அண்ணே, இது குலை எண்ணுற கணக்கு இல்ல, உக்காருங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. அவர் எண்ணிக்கையை நம்பி வேலை செய்கிற குலைவெட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார். நான் அவசரமாகப் பலகையைத் துடைத்தேன். பிறகு பொன்னாடை போர்த்திக்கொண்டு, மீகூன் கோரிங்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். வெட்கம்கெட்டவன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தோட்டப்பள்ளித் தலைமையாசிரியர் வேறு எதற்கோ போனில் கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தோட்டத்தில் இப்போது குலைவெட்டுக்காரர்கள் மண்டோர் எண்ணியதையெல்லாம் திரும்ப எண்ணுகிறார்களாம். 'சாரே சொல்லிட்டாரு, ஒனக்குக் கணக்கு வராதுன்னு' என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார்களாம். அவர் மண்டோர் வேலையே வேண்டாம் என்கிறாராம்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனேன். பாதையோரம் குலைகள் அடுக்கியிருந்த இடத்தில் அவர் தனியாக நின்றார்.

"அண்ணே, அன்னிக்கி நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க."

"தெரியும் சார். நீங்க போர்டத் தொடச்ச வேகத்துலயே தெரிஞ்சிருச்சு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "ஆளுங்க இப்ப வந்துருவாங்க. அவங்ககிட்ட இத ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். அது போதும்."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். டிராக்டர் வந்தது, ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னா சார், நம்ம மண்டோருக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்க வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மண்டோர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.