வெளிமாப்பிள்ளை வண்டு

டாக்டர் என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் அவளுடைய அப்பா. தையல் கடையில் உட்கார்ந்தபடி, துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்துக் கடைக்காரர் தன் முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டுவிட்டார். "அவ ஊசி போடாத டாக்டர்ண்ணே. வண்டுக்கு மட்டும்தான் பாப்பா" என்று தம்பி விஷயத்தைப் போட்டு உடைத்தான். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வண்டு டாக்டர் என்றே பெயர்.

அம்மாவுக்குத்தான் இது தொண்டையில் இறங்கவே இல்லை. "பயறுல வண்டு வந்தா நாங்க வெயில்ல கொட்டித் துரத்துறோம். நீ அதுக்குப் பயறு வாங்கிப் போட்டு வளக்குறியா? இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்பாள் போனில். பதில் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ பொங்கிவிடும். போன் வைக்கப்பட்டுவிடும்.

அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது என்பதுதான் சங்கடம். ஆய்வுப் படிப்பில் இடம் கிடைத்ததாக வந்த மின்னஞ்சலை அவள் இன்னும் அழிக்கவில்லை. அவ்வப்போது திறந்து, மேலே இருப்பது தன் பெயர்தானா என்று பார்த்துக்கொள்வாள். ஆள் மாறிச் சேர்த்துவிட்டார்கள், என்றைக்காவது கண்டுபிடித்து மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று மனதார நம்பினாள். வாராந்திரக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவதில் பாதி புரியாது. புரிந்ததுபோல் தலையாட்டுவாள். எல்லோரும் சிரித்தால், எதற்கு என்று தெரியாமலே கொஞ்சம் பிந்தித் தானும் சிரிப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரை முதல் பெஞ்சை விட்டு இறங்காதவளுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

அவளுடைய கைடை எல்லோரும் மேடம் என்பார்கள். கெட்டவர் இல்லை, திட்டுகிறவரும் இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதுல உன் கேள்வி என்ன?" என்பார். கேள்வி என்ன என்று தெரிந்திருந்தால் அவள் ஏன் இப்படி முழிக்கப்போகிறாள்? முதலாண்டு ரிவ்யூ நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால் பதிவை ரத்து செய்யலாம் என்று விதியில் இருக்கிறது. இதுவரை யாருக்கும் அப்படி நடந்ததில்லை என்றார்கள். முதல் ஆள் நாமாக இருப்போம் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

இந்த லட்சணத்தில் அவள் உருப்படியாகச் செய்த ஒரே வேலை வண்டு அறை வேலை. தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னல் இல்லாத, எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிற அறை. கதவைத் திறந்தால் பயறு வாசனை முகத்தில் அடிக்கும். தட்டுத் தட்டாகக் கண்ணாடி பாட்டில்கள், வாயில் மெல்லிய துணி, துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு. பெண் வண்டு பயறின் மேல் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போய், இருக்கிற பருப்பையெல்லாம் தின்று, ஒரு மாதத்தில் வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். வந்தபிறகு ஒன்றும் தின்னாது. ஜோடி தேடுவதும் முட்டையிடுவதும்தான் அதற்கு இருக்கிற ஒரே வேலை. புதிதாகச் சேர்கிறவர்தான் எல்லோருடைய பாட்டில்களுக்கும் பயறு மாற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தது அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை, கடைசி ஆண்டில் இருக்கும் சீனியர். கூட்டத்தில் மேடத்தின் கண் படாத நாற்காலி எது என்பதிலிருந்து, அழுவதற்கு வசதியான படிக்கட்டு எது என்பதுவரை சொல்லிக் கொடுத்தவள். அக்காவின் கணவரும் ஐந்து வயது மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். தீசிஸில் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. அதற்காக அண்ணன் தங்கை வண்டுகளையே ஜோடி சேர்த்து, அவற்றின் பிள்ளைகளை மறுபடி ஜோடி சேர்த்து, ஆறு தலைமுறை கொண்டுவந்திருந்தாள். தலைமுறைக்கு ஒரு மாதம். இப்படியே போனால் அந்தக் குடும்பம் எந்த அளவுக்கு நலிந்துபோகிறது என்று அளப்பதுதான் கடைசிச் சோதனை.

"இது சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்ட குடும்பம்" என்று அக்கா அந்தச் சோதனையைத் தொடங்கிய அன்றே சிரித்துக்கொண்டு சொன்னாள். "வெளியிலேர்ந்து ஒரு மாப்பிள்ளை உள்ள நுழைஞ்சான்னா என் ஆறு மாசமும் போச்சு. பாத்துக்கோ தாயே."

வெளிமாப்பிள்ளை எங்கிருந்து வருவான்? கடைப் பயறிலிருந்துதான். கடையில் வாங்கும் பயறுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் புழு இருக்கலாம். அதனால் ஒவ்வொரு பையையும் ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து, உள்ளே இருப்பதைச் சாகடித்து, பிறகு வெளியே எடுத்து ஆறவிட்டுத்தான் பாட்டிலில் போட வேண்டும். இது வண்டு அறையின் முதல் பாடம்.

அந்த வியாழக்கிழமை ரிவ்யூவுக்கான ஸ்லைடுகள் மேடத்திடமிருந்து சிவப்பு சிவப்பாகத் திரும்பி வந்திருந்தன. கடைசி ஸ்லைடில் ஒரே ஒரு கேள்விக்குறி, அதுவும் பெரிதாக. அந்தக் கேள்விக்குறியைத் தலையில் சுமந்துகொண்டேதான் வண்டு அறைக்குப் போனாள். ஃபிரீசருக்குக் கீழே ஒரு பயறுப் பை நின்றிருந்தது. அக்கா எடுத்து ஆறவைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். டின்னில் மிச்சமிருந்த, ஏற்கெனவே ஃபிரீசரில் வைத்து எடுத்த பயறை அக்காவின் பாட்டில்களில் சிலவற்றுக்குப் போட்டாள். அது தீர்ந்ததும் பையைப் பிரித்து மற்றவற்றுக்குப் போட்டாள். லேபிளில் தேதியும் பை எண்ணும் எழுத வேண்டும். கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பை ஏறக்குறைய காலியான சமயத்தில், அதன் உள்பக்கச் சுவரில் ஒரு வண்டு, சொந்த வீட்டில் உலாத்துவதுபோல் நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

 பையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அன்றைய தேதி போட்ட கடைச் சீட்டு. கடைக்காரர் அன்று காலையில் கொண்டுவந்து போட்ட பை. ஃபிரீசரின் குளிரையே பார்க்காத பை.

எந்தெந்த பாட்டிலில் அந்தப் பயறு? தட்டுகளைப் பார்த்தாள். எல்லாப் பயறும் ஒரே நிறம், எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி. கடை வண்டும் அக்காவின் வண்டும் ஒரே இனம். வண்டு வண்டுதான், முதுகில் முகவரி எழுதியிருக்காது. இப்போது வாயை மூடிக்கொண்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா முழுவதும் கேட்டாள், அது ஆச்சரியம்தான்.

"ஒரே ஒரு வண்டுதானடி? எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

"அப்படி இல்லம்மா, உள்ள இன்னும் இருக்கும்..."

"இருந்தா இருக்கட்டும். சாப்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு."

சமையலறைக்கு அது சரியான பதில். அந்தப் பதிலை அப்படியே எடுத்து இங்கேயும் வைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. வெள்ளிக்கிழமை முழுவதும் அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினாள். ஒரு வண்டுதானே. மற்ற பயறில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமே.

சனிக்கிழமை அக்கா தானாக வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "காட்டு, அந்தச் சிவப்பு மையை ஒரு கை பாப்போம்." அரை நாள் உட்கார்ந்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கேள்விக்குறி போட்ட கடைசி ஸ்லைடைத் தூக்கி முதலில் வைத்தாள். அவ்வளவுதான், மொத்தமும் திடீரென்று ஒரு கேள்வி கேட்பதுபோல் ஆகிவிட்டது. இத்தனை மாதமாக மேடம் கேட்டது இதைத்தானா என்று அவளுக்கே வாய் பிளந்தது.

"திங்கக்கிழமை வண்டு எடுத்துச் சோதனையை ஆரம்பிச்சுடுவேன்" என்றாள் அக்கா. "அப்புறம் எழுதுற வேலைதான். ஸ்கூல் திறக்கும்போது அம்மா வீட்டுல இருப்பேன்னு பாப்பாகிட்ட சொல்லியாச்சு. அவ தினமும் அவ மிஸ்கிட்ட போய்ச் சொல்லிட்டு இருக்காளாம்."

அவள் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். முதல் தடவை "தேங்க்ஸ்க்கா" என்று வந்தது. இரண்டாவது தடவை ஒன்றும் வரவில்லை. இப்படி உட்கார்ந்து உதவுகிறவளின் முதுகில் குத்துகிறோமே என்று உடம்பு கூசியது. சொன்னாலும் குத்துவதுதான், சொல்லாவிட்டாலும் குத்துவதுதான். ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பையின் சுவரில் அந்த வண்டு ஏறிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை அவள் போகும்போது அக்கா ஏற்கெனவே வண்டு அறையில் இருந்தாள். முன்னால் முதல் பாட்டில், துணி அவிழ்ந்திருந்தது. வாயில் ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. குழாயில் உறிஞ்சினால் வண்டு குப்பிக்குள் வந்து விழும். நான்கைந்து ஏற்கெனவே விழுந்திருந்தன.

"அக்கா, நிறுத்துங்க."

அக்கா குழாயை எடுக்காமலே புருவத்தை உயர்த்தினாள்.

"வியாழக்கிழமை நான் போட்ட பயறு ஃபிரீசர்ல வைக்காதது. தெரியாமப் போட்டுட்டேன். பையில வண்டு இருந்துச்சு. நான் பாத்தேன்." ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது.

அக்கா குழாயை வாயிலிருந்து எடுத்து மேசையில் மெதுவாக வைத்தாள். "எந்தெந்த பாட்டில்?"

"தெரியலக்கா."

"லேபிள்ல பாரு."

"லேபிள் எழுதலக்கா."

அக்கா தட்டுகளைப் பார்த்தாள், மேலிருந்து கீழ்வரை. பிறகு போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே நின்ற அவள் காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம். பொத்திக்கொள்ளவில்லை.

"ஆமா, எல்லாமேதான்... இல்ல, புது வண்டு வெளியிலேர்ந்து வரவழைக்கணும். மறுபடி முதல் தலைமுறையிலேர்ந்து... ஆறு மாசம். அதுக்கு மேலயும் ஆகலாம்... பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. ஐயோ, பக்கத்துல இருக்காளா? குடுங்க... ஹலோ. ஆமாடா செல்லம். வரேன்டா. இல்லடா, ஸ்கூல் திறக்கும்போது இல்ல..." 

திரும்பி வந்தபோது அக்கா முகம் கழுவியிருந்தாள். கண்கள் மட்டும் சிவந்திருந்தன. கத்துவாள் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"மேடத்துக்கு?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏண்டி சொன்ன?"

 சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை.  அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்றும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மேடம்கிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாள் அக்கா. "நான் வர மாட்டேன்."

"சரிக்கா."

"அதுக்கு முன்னாடி இதை ஒரு பக்கம் பிடி. இதுங்க வெளிய பறந்துச்சுன்னா மத்தவங்க பாட்டிலும் கெட்டுப்போயிடும்."

துணியை மறுபடி இறுக்கிக் கட்டி, அக்காவின் பாட்டில்களைத் தட்டுத் தட்டாக எடுத்து ஃபிரீசரில் அடுக்கினார்கள். ஒரு தட்டுக்கு இருவர். அக்கா முன்னால் நடந்தாள், அவள் பின்னால்.  குப்பியில் உறிஞ்சி வைத்திருந்த வண்டுகளையும் அக்கா மறக்காமல் எடுத்துவந்து ஓர் ஓரமாக வைத்தாள். ஃபிரீசர் நிறைந்துவிட்டது. கண்ணாடிக்குள் வண்டுகள் இன்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டுதான் இருந்தன.

அக்கா கதவில் கை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். குளிர்காற்று இருவர் காலிலும் இறங்கியது. பிறகு கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"நீ மூடு. என்னால முடியல."

அவள் மூடினாள்.