மேட்ச் அன்றைக்கு மழை வராது என்று சொன்னேன்

1. திரி பற்றவைக்கத் தெரிந்தவன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "திரி பத்த வெச்சுப் பழக்கம் உண்டா?" உண்டு என்றேன். பட்டாசு ஆலையில் இரண்டு வருடம் இருந்தவன். படிப்பைக் கேட்டிருந்தால் எட்டாம் வகுப்பு என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பட்டாசு ஆலைக்கு முன்னால் போர்வெல் லாரியில் ஆறு மாநிலம் சுற்றினேன். அதற்கும் முன்னால் கோழிப் பண்ணை, செங்கல் சூளை. ஒரே இடத்தில் இரண்டு வருடம் பாய் விரித்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் மலை உச்சியில் மூன்று வாரம் தனியாகக் கூடாரம் போட்டு இருக்க வேண்டும் என்று சொன்னபோது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வேலை இதுதான். திறந்த மைதானத்தில் பெரிய போட்டி நடத்துகிறவர்களுக்கு மழை வந்தால் போட்ட பணம் போய்விடும். எங்கள் கம்பெனி அவர்களிடம் ஒப்பந்தம் எடுக்கும். மேகம் எந்தத் திசையிலிருந்து மைதானத்துக்கு வரும் என்று பார்த்து, அந்த வழியில் ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கும். மலையில் இரும்பு ஸ்டாண்டுகளை நட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு மருந்துக் குழாய் மாட்டி, பேட்டரிப் பெட்டியோடு இணைத்து வைப்போம். மேகம் நெருங்கும்போது சுவிட்சைத் தட்டினால் குழாய் எரியும். உப்பு கலந்த புகை மேலேறி மேகத்துக்குள் போகும். அந்த மேகம் மைதானம் வரைக்கும் போகாமல் மலையிலேயே பெய்து தீர்ந்துவிடும். இதற்கு நாங்கள் ஃபயரிங் என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு முறை பற்றிய குழாயை அணைக்க முடியாது.

எங்கள் இன்ஜினியர் சுந்தர் சார். என்னைவிட இருபது வயது சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "மழ வரலன்னா நாம நிறுத்துனோம்ணே. வந்துருச்சுன்னா அது நம்ம லிஸ்ட்லயே இல்லாத மேகம்" என்று சொல்லிச் சிரிப்பார். முதல் தடவை நானும் சிரித்தேன்.

2. கூடாரம்

ஐப்பசி மாதம். மேற்கே சமவெளியில் ஒரு மைதானத்தில் சனிக்கிழமை பெரிய கிரிக்கெட் மேட்ச். வடகிழக்குப் பருவ மேகம் கிழக்கிலிருந்து வரும். அதனால் கொல்லிமலையைப் பிடித்தார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் வாடகை ஜீப்பில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்து, மலைமேல் பெரக்கரை நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஒரு கிழக்கு முகட்டில் என்னை இறக்கிவிட்டார்கள். மூன்று ஸ்டாண்ட், பன்னிரண்டு குழாய், ஒரு காற்றுமானி, ஒரு மழைமானி, கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு. சுந்தர் சார் கிளம்பும்போது சொன்னார்: "ஊர்க்காரங்க கேட்டா வானிலை ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லுங்க. வேற எதையும் பேசாதீங்க."

மணிக்கொரு முறை காற்றின் திசை, வேகம், மேகத்தின் நிறம், எல்லாவற்றையும் எழுதி போனில் சொல்ல வேண்டும். சிக்னல் ஒரே ஒரு நெல்லி மரத்தடியில்தான் கிடைக்கும். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன் கிளையிலேயே தொங்கவிட்டிருந்தேன். அங்கே நின்று ரீடிங்கைச் சொன்னதும் மறுமுனையில் "ஓகே" என்பார்கள். நாள் முழுக்க என்னிடம் பேசப்பட்ட பேச்சு அந்த ஓகேக்கள்தான். நான்காம் நாள் நான் காற்றுமானியோடு பேசிக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். இதற்கு முன்பும் தனியாக இருந்திருக்கிறேன். ஆனால் லாரியில் இன்ஜின் சத்தமாவது இருக்கும். இங்கே பனி வந்து கூடாரத்தை மூடிவிட்டால் என் கை எனக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் சடையன் வந்தார். முகட்டுக்குக் கீழே அவருடைய சாமைக் காடு. என் வயதுதான் இருக்கும். தோளில் கொடுவாள். ஸ்டாண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன மிஷினுங்க?"

வானிலை ஆராய்ச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நாளாக மனித முகம் பார்க்காதவன் நான். அவர் உடனே போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

"மழைய நிறுத்தற மிஷினுங்க" என்றேன்.

அவர் போகவில்லை. உட்கார்ந்தார். ஒரு பீடியைப் பற்றவைத்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"மழைய நிறுத்திப்போட்டு என்னத்தங்க பண்றது?"

"பந்து வெளையாடறதுக்குங்க. கீழ பெரிய மேட்ச்சு."

"பந்துக்கா? அட சாமி!" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, "சோறு தின்னாச்சுங்களா?" என்று கேட்டார்.

3. அந்த வீட்டுச் சோறு

அன்று முதல் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில். அவர் மனைவி பாப்பாத்தி சாமைச் சோற்றை அள்ளி வைத்து மொச்சைக் குழம்பு ஊற்றுவார். நான் ரீடிங்குக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகச் சாப்பிடுவேன். "மெதுவாத் தின்னுங்க. மழ எங்கயும் ஓடிப் போவாது, நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கீங்களே" என்பார் பாப்பாத்தி. ஊரில் என்னை மழைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடையில் டீ குடிக்கப் போனால் பெஞ்சில் இடம் விட்டார்கள். என் வயதுக்கு எங்கேயும் எனக்கு அப்படி இடம் விட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

சாமை அறுவடை முடிந்து அவர்கள் காட்டோரம் போர் போட்டிருந்தார்கள். கதிர்க்கட்டுகளைத் தாள் வெளியே இருக்கும்படி வட்டமாக அடுக்கி, மேலே கூம்பாக முடித்திருப்பார்கள். அப்படி அடுக்கிய போர் மழையில் பல நாள் தாங்கும், உள்ளே கதிர் நனையாது. ஆனால் போரைப் பிரித்துவிட்டால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். பெரிய பாறையின் மேல் கதிரைப் பரப்பி, மாடு கட்டி மிதித்து, தூற்றி, மூட்டை பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முழு வெயில் நாள் வேண்டும். ஐப்பசியில் அந்த நாள் எது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. அந்தப் போர்தான் அந்த வீட்டின் ஒரு வருடச் சோறு. அடுத்த விதைப்புக்கான விதையும் அதற்குள்தான்.

புதன்கிழமை கை கழுவும்போது சடையன் கேட்டார்.

"மேட்ச்சு சனிக்கெழமைங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு மழ வராதுங்களா?"

"வராதுங்க. வர உட மாட்டோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. மைதானத்தில் மழை வராது என்பதைத்தான் நான் மனதில் வைத்துச் சொன்னேன். அந்த மழை எங்கே பெய்யும் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது, அப்போது அது ஞாபகத்தில்கூட இல்லை. மறுநாளிலிருந்து மேகம் பார்க்கும் வேலை அதிகமாகி முகட்டை விட்டு இறங்க முடியவில்லை. கூடாரத்திலேயே பிஸ்கட் தின்று சமாளித்தேன்.

4. சனிக்கிழமை

காலையில் நல்ல வெயில். பதினொரு மணிக்குக் கிழக்கே மேகம் வெள்ளையாக எழும்பியது. பன்னிரண்டுக்கு அடிவயிறு கறுத்துவிட்டது. நெல்லி மரத்தடியில் போன் அடித்தது.

"அண்ணே, ராடார்ல பெரிய மேகமா வருது. எல்லாத்தையும் அடிங்க. பன்னெண்டும்."

முதல் ஸ்டாண்ட் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே. சுவிட்சைத் தட்டினேன். நான்கும் பிடித்தன. ஆரஞ்சு நெருப்பு, வெள்ளைப் புகை. காற்று கிழக்கிலிருந்து நன்றாக அடித்தது, புகை மலைக்கு மேலே மேற்கு நோக்கிப் போனது. ரீடிங் புத்தகத்தில் நேரம் குறித்துக்கொண்டு இரண்டாவது ஸ்டாண்டுக்கு நடந்தேன். அது முகட்டின் வளைவில். அங்கிருந்துதான் மேற்குப் பக்கச் சரிவு தெரியும்.

கீழே பாறை முழுக்க மஞ்சளாக இருந்தது. இரண்டு ஜோடி மாடு சுற்றிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு சிவப்புப் புடவை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. காட்டோரத்தில் போர் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

சுவிட்சின் மேல் கை வைத்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. குறைந்த நேரமாகத்தான் இருக்கும். அடித்தால் வேலை நிலைக்கும். அடிக்காவிட்டால் இந்த வேலையும் போகும், ஆனால் வேலை போவது எனக்குப் புதிதில்லை. கையை எடுத்துவிட்டு ஓடினேன்.

மிளகுக் கொடிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு இறங்கினேன். பாறைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"வாங்க மழைக்காரரே, மாடு ஓட்ட வந்தீங்களா?" என்றார் சடையன்.

"மழ வருதுங்க. அள்ளுங்க. சீக்கிரம் அள்ளுங்க."

பாப்பாத்தி முறத்தைக் கீழே வைக்காமல் சிரித்தார். "ஏனுங்க, மேட்ச்சு இன்னிக்கித்தான?"

"இன்னிக்கித்தானுங்க."

"அப்பறம் என்ன? நீங்கதான வராதுன்னீங்க."

சொல்லிவிட்டேன். "அங்க வராதுங்க. அங்க வராம இருக்கோணும்னு இங்க பேய வெக்கற மிஷினுங்க அது."

மாடு ஓட்டியவர் மாட்டை நிறுத்தினார். சடையன் கிழக்கே பார்த்தார், பிறகு முகட்டில் இன்னும் எழும்பிக்கொண்டிருந்த வெள்ளைப் புகையைப் பார்த்தார். "அள்ளுங்கடா" என்று கத்தினார்.

எல்லாரும் அள்ளினோம். சாக்கு, தார்ப்பாய், புடவை, கூடை. நானும் கையால் வாரினேன். மிதித்து உதிர்ந்த சாமை பொடி மணி, பாறையில் வழுக்கிக்கொண்டு ஓடும். பாதி அள்ளுவதற்குள் வந்துவிட்டது. கொல்லிமலையில் மழை சாரலாக ஆரம்பிக்கும் என்பார்கள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே கல் எறிவதுபோல விழுந்தது. பாறையின் சரிவில் தண்ணீர் மஞ்சளாக இறங்கி ஓடைக்குள் போனது. ஒரு பெண் ஓடையின் வாயில் புடவையை விரித்துப் பிடித்தார். புடவை கிழிந்தது.

அரை மணி நேரத்தில் மழை விட்டு வானம் வெளுத்துவிட்டது. பாப்பாத்தி தலைமயிர் முகத்தில் ஒட்ட நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்.

"எங்க ஊட்டுலதானுங்க தின்னீங்க."

5. நான்கு குழாய்

சாயந்தரம் நெல்லி மரத்தடிக்குப் போனேன். ஒன்பது தவறிய அழைப்புகள். கூப்பிட்டதும் சுந்தர் சார் குரல் துள்ளியது.

"அண்ணே! ஒரு சொட்டு விழல! முழு மேட்ச்சும் நடக்குது. எல்லாரும் கை குடுக்கறாங்க."

"சார், நான் நாலுதான் அடிச்சேன்."

அவருக்குப் பின்னால் கூட்டம் ஆரவாரம் செய்வது கேட்டது.

"பன்னெண்டுன்னு எழுதிருங்க" என்றார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அந்த நாலும் இல்லன்னாலும் இங்க பெஞ்சிருக்குமா?"

"தெரியாதுண்ணே."

"தெரிஞ்சவங்க யாரு சார்?"

"யாருக்கும் தெரியாது. அதே மேகத்த ரெண்டு தடவ வரவெச்சுப் பாத்தாத்தான் தெரியும். வருமா?" குரலைத் தாழ்த்தி, "தெரியாதுன்னு சொல்லிட்டு யாரும் கான்ட்ராக்ட் எடுக்க முடியாதுண்ணே. விடுங்க" என்றார்.

மறுநாள் சடையன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றித் தரையெல்லாம் நனைந்த சாமை. கையில் எடுத்தால் சூடாக இருந்தது, புளித்த வாடை. ஓரத்தில் சில மணிகள் ஊறிப் பருத்திருந்தன. விதைக்கு என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நான் நாலுதானுங்க பத்த வெச்சேன். எட்ட உட்டுட்டு ஓடியாந்துட்டனுங்க" என்றேன்.

சடையன் நிதானமாகக் கேட்டார். "நாலுல எத்தன மழைங்க?"

அந்தக் கணக்கை இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன். அங்கே மேட்ச் நடந்ததற்கு நான் காரணம் என்று கீழே நினைக்கிறார்கள். சாமை போனதற்கு நான் காரணம் என்று மேலே நினைக்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். இதைப் பேசிப் பார்க்க எனக்கு ஆளில்லை.

ஜீப் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஒப்பந்தத்தில் இருந்தேன். வேறு மலை, கீழே ஒரு மாரத்தான் ஓட்டம். முதல் நாளே முகட்டுக்குக் கீழிருந்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போய், "ஞாயித்துக்கெழம இங்க மழ பெய்யலாம். எங்களால பெய்யலாம், தானாவும் பெய்யலாம். எதயும் வெளிய காயப் போடாதீங்க" என்று சொன்னேன். ஊர் கூடிவிட்டது. ஸ்டாண்டைப் பிடுங்கிப் போட்டார்கள். "உங்கள யாருண்ணே தண்டோரா போடச் சொன்னா?" என்றார் சுந்தர் சார். அவர் கோபித்தது அந்த ஒரு முறைதான். அத்தோடு அந்த வேலை முடிந்தது.

அடுத்த ஐப்பசியில் பெரக்கரை நாட்டுக்குப் போனேன். சடையன் போரைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கட்டுச் சுமந்தேன். மாட்டின் பின்னால் நடந்தேன். மத்தியானம் கிழக்கே ஒரு மேகம் எழும்பியபோது எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அது தெற்கே விலகிப் போயிற்று. மூட்டை கட்டி முடித்ததும் எல்லாரும் சாப்பிட வீட்டுக்குப் போனார்கள். நான் பாறையைக் கூட்டி, சந்துகளில் கிடந்த மணிகளைத் துண்டில் சேர்த்து, மூட்டைகளின் மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.

இந்தத் தொழில் இப்போது வளர்கிறது, உங்களில் சிலர் வருவீர்கள். ராடார் பார்க்க, காற்றுப் பார்க்க, பேட்டரி இணைக்க உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராத ஒன்றை நான் சொல்கிறேன். சுவிட்ச் பெட்டியைத் திறப்பதற்கு முதல் நாள் முகட்டின் நான்கு பக்கமும் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே என்ன காய்கிறது, யாருடையது என்று கேளுங்கள். மழை எங்கே வராது என்று சொன்னால், எங்கே வரும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். வேலை போகும். எனக்குப் போயிற்று.