அகழி வண்டல்

ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் ஊரை ஒட்டி ஒரு பழைய கோட்டை நகரம் மண்ணுக்குள் கிடக்கிறது. மதில் போய்விட்டது. சுற்றி வெட்டிய அகழி மட்டும் சாக்கடையும் கோழிக்கழிவுமாக மிஞ்சியிருக்கிறது. போன கோடையில் தொல்லியல் துறை அதன் குறுக்கே குழி போட்டது. அதே துறையில் ஓய்வு பெற்றவன் என்பதால், பொறுப்பிலிருந்த பெண் அதிகாரி என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

வேலை ஒழுங்காக நடந்திருந்தது. குப்பை அடுக்குகளுக்குக் கீழே கரிய வண்டல் தெரிந்தது. அகழி வெட்டிய புதிதில் படிந்த மண். நகரத்தின் வயதுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அதுதான். பிற்காலத்துச் சிறு பாளையம் என்று எங்கள் மேலிடம் எப்போதோ எழுதிவைத்திருந்தது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தையது என்பது அந்த அதிகாரியின் கணிப்பு.

"திங்கக்கிழமை இதைச் சலிச்சுட்டா தெரிஞ்சிடும் சார்."

திங்கள் காலை போனபோது குழி இரு மடங்கு அகலமாகியிருந்தது. அடிப்பாறையில் பொக்லைன் பற்களின் கீறல். கரையில் நின்ற டிராக்டரில் விவசாயி ஒருவர் கடைசி வண்டலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு அள்ளுனீங்க?" என்றார் அதிகாரி.

"ஆர்டர் கீதும்மா. நீங்க மேல இருந்த குப்பைய வாரிட்டீங்க, எங்களுக்கு வேலை மிச்சம். சேத்துக்குப் போயி இன்னாத்துக்கு மொகத்த இப்டி வச்சிக்கினு கீறீங்க? பெரியவரே, நீங்களே படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். நீர்நிலைகளில் விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொள்ளலாம் என்பது விதி. வருவாய்க் கணக்கில் அகழியின் பெயர் குட்டை. புல எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. 'ஏற்கெனவே தோண்டப்பட்டிருப்பதால் அள்ளுவது எளிது' என்று பரிந்துரை வேறு. அகழியைப் பாதுகாக்கும் அறிவிக்கையோ எங்கள் துறையின் மேசையிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. பணிக்காலம் முழுவதும் இவ்வளவு பிழையில்லாத கோப்பை நான் கண்டதில்லை. சாக்கடை வாடை அதைவிடத் தேவலாம்போல் இருந்தது.

அதிகாரி மேலிடத்துக்குப் பேசினார். கைபேசியின் ஒலிபெருக்கியில் பதில் கேட்டது.

"நிலத்துல கொட்டினதைச் சலிச்சு, அடி அடுக்குன்னு எழுதிடும்மா. யார் கேக்கப் போறா?"

மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை போடவிருந்த நிலத்துக்குப் போனோம். வண்டலைச் சாணி எருவோடு கலந்து உழுதுவிட்டிருந்தார்கள். சற்று நேரம் குனிந்து தேடிய அதிகாரி கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றை எடுத்தார். அவர் கணித்த காலத்து ஓடு.

"இது போதாதுல்ல சார்?"

"எந்த அடுக்குலன்னு காட்ட முடியாதேம்மா."

அவருக்கும் தெரியும். பொய் எழுத மறுத்துவிட்டார். 'அடி அடுக்கு ஆய்வுக்கு முன்பே அகற்றப்பட்டது. நகரத்தின் காலத்தை உறுதிசெய்ய இயலவில்லை' என்று அறிக்கை அனுப்பினார். முதல் பாதி இன்னொரு துறையின் மனத்தைப் புண்படுத்தும் என்று மேலிடம் அதை அடித்துவிட்டது. இரண்டாம் பாதிக்கு ஒப்புதல் கிடைத்தது.