கழுத்துக்கு மேல் மலை

எங்கள் வீட்டில் பால் பவுடர் டப்பா காலியானால் ஒன்று அரிசி அளக்கப் போகும், இல்லை மிளகாய்த்தூள் போட்டு வைக்கப் போகும். நான் பத்தாவது படித்த வருடம் ஒரு டப்பா காமிராவாகப் போனது. அம்மாவுக்கு அதில் கடைசிவரை வருத்தம்தான். காற்றுப் புகாத மூடி, அப்படியொரு டப்பா அப்புறம் அமையவே இல்லை என்பாள். என் அக்காவின் படிப்பு நிற்குமா, தொடருமா என்பதே அந்த டப்பாவின் கையில் வந்து நின்றதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாள்.

அறிவியல் புத்தகத்தில் ஊசித்துளைக் காமிரா என்று ஒரு பாடம் இருந்தது. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் ஊசியால் துளை, எதிர்ப்பக்கம் எண்ணெய் தடவிய தாள். எதிரே மெழுகுவத்தி ஏற்றினால் தாளில் தலைகீழாகத் தெரியும். படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க், அதோடு டீச்சர் விட்டுவிட்டார். நான் விடுவேனா. எண்ணெய்த் தாளுக்குப் பதிலாக போட்டோ காகிதத்தை வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு எனக்குச் சோறு இறங்காது, அது என் பிறவிக் குணம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் அப்பா, தேரடித் தெருவைத் தாண்டி ஒரு சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். காலாவதியாகிப் போன போட்டோ காகிதம் ஒரு பெட்டி அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் படம் கழுவுகிற மருந்தையும் அவரிடமே கேட்டு வாங்கிக் கொடுத்தாள். "வூட்ட கொளுத்திடாத" என்பதுதான் அவர் சொல்லியனுப்பிய ஒரே புத்திமதி.

துளை போடத்தான் திண்டாடினேன். டப்பாவின் தகரத்தில் குத்தினால் ஓரம் பிசிறடித்துப் படம் சாணி மெழுகியதுபோல் விழுந்தது. எங்கள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கோயில் ஊர் இல்லையா, எந்திரம் எழுதி வீட்டில் மாட்டுவதற்கென்று மெல்லிய செப்புத் தகடும் விற்பார். அதில் ஒன்றை எடுத்து, சாமி எழுத்து எழுத வேண்டிய இடத்தில் ஊசி குத்தி, டப்பாவின் வயிற்றில் பெரிய ஓட்டை போட்டு உள்பக்கமாக ஒட்டினேன். டப்பாவுக்குள் முழுக்க விளக்குக் கரி பூசினேன். குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, சாமி மாடத்துச் சிவப்பு பல்பை அங்கே கொண்டுபோய் மாட்டினேன். நான் உள்ளே போனால் வீட்டில் யாரும் குளிக்க முடியாது, சாமிக்கும் வெளிச்சம் கிடையாது.

முதல் படம் எங்கள் தெருமுனை. காலை நேரம், ஜே ஜே என்று கூட்டம். எதிரிலிருந்த சுவரின்மேல் டப்பாவை வைத்து, துளையை மூடியிருந்த கறுப்புத் தாளை எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். கடைக் காமிரா மாதிரி கண் சிமிட்டும் நேரத்தில் வேலை முடியாது. வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரமாவது ஆகும். முதலில் விழுவது வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறிய படம். அதை இன்னொரு காகிதத்தின்மேல் கவிழ்த்து, கண்ணாடியால் அழுத்தி, விளக்கைப் போட்டு எடுத்துக் கழுவினால்தான் நேரான படம் வரும்.

வந்தது. தெரு இருந்தது, கோபுரம் இருந்தது, கூரை ஓடு ஒவ்வொன்றும் இருந்தது. ஜனத்தைத்தான் காணோம். நடமாடிய அத்தனை பேரும் மாயமாகிவிட்டார்கள். நின்ற இடத்திலேயே அசை போட்டுக்கொண்டிருந்த ஒரு மாடும், டீக்கடை பெஞ்சில் ஒரு மனிதரும்தான் மிச்சம். அந்த மனிதர் எதிர்வீட்டு மாமா. அவசர வேலையாக வேலூர் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்.

எதிர்வீட்டு அத்தை படத்தைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தாள். "ஊரே காலியாயிருக்கு, இந்த மனுசன் மட்டும் இன்னா சிலையாட்டம் குந்திகினு கீறாரு" என்றாள். அன்று அந்த வீட்டில் நடந்ததைத் தெருவே கேட்டது. அதற்கப்புறம் நான் டப்பாவோடு தெருவில் இறங்கினால் ஆம்பிளைகள் எல்லாரும் சுறுசுறுப்பாக நடக்க ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு பார்த்திருந்த அக்கா, ஒருநாள் என்னைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

"ஏய், அசைஞ்சா நெஜமாவே காணாம போயிடுவாங்களா?"

"ஆமா."

"எவ்ளோ அசையணும்?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா கல்லூரியில் கணக்குப் பாடம், கடைசி வருடம். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். சித்திரையில் பரீட்சை. அதற்குள் ஆரணிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்து, தை மாதமே கல்யாணம் என்று நின்றார்கள். பரீட்சை எழுதட்டுமே என்றதற்கு, "எழுதி இன்னா கலெக்டராவா ஆவப்போவுது" என்று தரகர் சிரித்தார். அப்பா கெட்டவர் இல்லை. நல்ல இடம் கை நழுவிவிடக் கூடாது என்ற பயம். "அங்க போயி எழுதிக்கோயேன்" என்றார். அங்கே போய் யார் எழுதவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். அக்கா சமையலறையில் திரும்பி நின்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்ணின் படத்தைப் பார்த்துப் பிடித்தால்தான் நேரில் வருவோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் சிக்கல். ஸ்டூடியோ என்றால் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். நன்றாக விழுந்த முகத்தைப் பெரிதாக்கி அதில் மாட்டிவிடுவார்கள். அப்படித்தான் சொந்தத்தில் ஒரு பெண்ணின் படம் மாட்டப்போய், வண்டிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள் என்று பேச்சு. "எம் பொண்ணு மூஞ்சி தெருவுல தொங்கக்கூடாது" என்பது அப்பாவின் சபதம். அவரவர் வீட்டில் காமிரா வைத்திருக்கிற வசதியெல்லாம் அப்போது யாருக்கு இருந்தது?

"நம்ம வூட்லயே ஒருத்தி டப்பாவ தூக்கிகினு அலையறாளே" என்று அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

மொட்டை மாடியில் நாற்காலி போட்டோம். பின்னால் மலை. அக்காவுக்குப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து கண்ணெடுக்காமல் என் பக்கத்தில் நின்றார். நான் கறுப்புத் தாளை எடுத்தேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பதவிசாக உட்கார்ந்தாள். கழுத்துக்கு மேலே மட்டும், கச்சேரிக்குத் தலையாட்டுகிற மாதிரி, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

படத்தில் புடவைக் கரை துல்லியம். வளையல், கை விரல், மெட்டி இல்லாத கால் விரல்கள், எல்லாம் துல்லியம். தலை இருக்க வேண்டிய இடத்தில் லேசாகப் புகை, அதன் வழியே பின்னாலிருந்த மலை பளிச்சென்று தெரிந்தது. தலைக்குப் பதில் மலை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணாமலையாரே வந்து குந்திட்டாரு" என்று சொல்லி, படத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் கற்பூரம் காட்டப் போனாள்.

"பொண்ணு பாக்குற படத்துல சாமிக்கு இன்னா வேலை?" என்று அப்பா பிடுங்கிக்கொண்டார். ஆனாலும் கொஞ்சம் அரண்டுதான் போயிருந்தார்.

இரண்டாம் தடவை, மூச்சைக்கூட விடாதே என்று அக்காவுக்கு உத்தரவு. நான் தாளை எடுத்த சூட்டோடு தரகர் வந்து கீழே குரல் கொடுத்தார். அப்பா இறங்கிப் போனார். அக்கா எழுந்து, புடவையை உதறிவிட்டு, டப்பாவின் கண்ணுக்குப் படாமல் கைப்பிடிச் சுவரோரம் போய்க் காற்று வாங்கினாள். அப்பாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் வந்து உட்கார்ந்துகொண்டாள். கழுவி முடிக்கும்வரை காத்திருந்த தரகரிடம் நேரான படத்தை, தான் பார்க்காமலே, அப்பா நீட்டினார். தரகர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாற்காலி நல்லா கீதுங்க" என்றார். "பொண்ணு எங்கங்க?"

அப்பா எந்தப் பாத்திரத்தையும் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்காமல் விற்கமாட்டார். புதுக் குடமானாலும் சரி, வாங்குகிறவர் அவசரப்பட்டாலும் சரி. அந்தப் புத்தி இப்போது வேலை செய்தது. "கோளாறு டப்பாவுலயா, பொண்ணுகிட்டயான்னு பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, தானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மனுஷன் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்து பழகினவர், ஈ மொய்த்தாலும் அசையமாட்டார். டப்பா சரியென்று தெரிந்துவிட்டால் அக்கா மாட்டினாள். மாட்டினால் தை மாதம் ஆரணிதான்.

குளியலறைக்கு வெளியே அப்பா நின்றுகொண்டே இருந்தார். உள்ளே மருந்துத் தட்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வந்தார். விபூதிக் கோடு மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் கிளம்புவதைப் பார்த்தேன்.

ஊசித்துளைக்குக் கிட்டே, தூரம் என்ற பேதமெல்லாம் கிடையாது. எதிரே இருப்பதையெல்லாம் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும், நாம் நினைப்பதைவிட அகலமாகவும் வாங்கிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியோரம், பழைய வாயில் புடவையில், முழங்கால்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குத் தன்னை எடுக்கவில்லை என்பதால் படிக்கப் போய்விட்டிருக்கிறாள். தான் படத்தில் விழுவது அவளுக்கும் தெரியாது, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது. குனிந்த நெற்றி, காதோரம் விழுந்த முடி, பக்கத்தைப் பிடித்திருந்த விரல், எதிலும் புகை இல்லை. இமைகூட அசையாதவள் மாதிரி அத்தனை தெளிவு.

எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை. நேர்படம் போட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன்.

முதலில் தன்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், ஓட்டைக் குடத்தைப் பார்க்கிற மாதிரி. வெகுநேரம் பார்த்தார்.

"டப்பா நல்லாத்தான் கீது" என்றார்.

வாசற்படியில் அக்கா வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாற்காலில குந்தவெச்சா ஆடுது" என்றார் அப்பா, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல். "இங்க பாரு, ஆடவே இல்ல." பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "பரீட்சை என்னிக்கு ஆரம்பிக்குது?"

அக்கா சொல்ல வாயெடுத்தாள், அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள், சந்தோஷத்தில் எனக்கு அழத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் தரகர் வந்தபோது அப்பா அவரை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "எவ்ளோ எடுத்தும் பொண்ணு படத்துல விழமாட்டேங்குதுங்க. சித்திரை தாண்டட்டும்."

"அவங்க அதுவரைக்கும் காத்திருக்கமாட்டாங்க."

"அப்போ வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

தரகர் என் டப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படம் வீட்டில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அப்பா கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். சில நாள் கழித்து, அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டுக் கண்ணாடி போட்டுத் தெருவைப் பார்த்து மாட்டியிருந்தது. கடைக்கு முன்னால் போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படுகிற இடம். குடம் வாங்க வந்த ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி நீங்க, தெரியுது. பின்னாடி யாருங்க?"

அப்பா குடத்தில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எம் பொண்ணு. படிச்சிகினு கீது."