அண்ணனின் சவர நுரை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் உறவினருக்குப் போட்ட கடிதங்களும், வேலை செய்த ஸ்டோரில் சாமான்களின் மேல் ஒட்டிய துண்டுகளும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் புத்தகத்தில் வருவது போல ஒன்றை எழுத வெளிக்கிட்டது பெரிய துணிச்சல். அதுவும் சவரம் எடுக்கும்போது வரும் நுரையைப் பற்றி. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான், அதையும் நான் பார்த்தேனே தவிரச் செய்தவன் இல்லை. செய்தவர் என் அண்ணன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் திருகோணமலைத் துறைமுக யார்ட்டில் வேலை செய்தோம். நான் ஸ்டோரில். அண்ணன் கயிற்றுப் பகுதியில். பாரம் தூக்கும் கம்பிக் கயிறுகளின் நுனியை வளைத்து, இழைகளைப் பிரித்து, மறுபடி உள்ளே செருகிப் பின்னி, கொக்கி மாட்டுகிற வளையமாக ஒரு கண் போடுவது அவருடைய வேலை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் அண்ணனும் மச்சாளும் இருந்த வீட்டிலேயே நானும் இருந்தேன். அண்ணனின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணன் வீட்டில் சவரம் எடுத்ததில்லை. விடிய முதல் பஸ்ஸில் போய், சங்கு ஊதுவதற்கு முன் யார்ட்டின் பைப்படியில் முகம் வழித்துவிடுவார். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை முகத்துக்கும் லீவு என்பார். பைப்படியில் அவர் நுரை அடிப்பதைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். நானும் நிற்பேன், கொஞ்சம் தள்ளி.

ஒரு எனாமல் கோப்பையின் அடியில் சவரச் சவுக்காரத்தை அழுத்தி ஒட்டி வைத்திருந்தார். சாமான் தட்டுப்பாட்டுக் காலம் அது. கடைகளில் அந்தச் சவுக்காரம் வருவது நின்றுவிட்டது. கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கட்டியை அண்ணன் பொன் போல வைத்துப் பாவித்தார். பிரஷை முதலில் தண்ணீரில் ஊறவிடுவார். ஊறியதும் தூக்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அது சொட்டி முடியும்வரை யாருடனாவது கதைத்துக்கொண்டிருப்பார். உதறமாட்டார். பிறகு கோப்பைக்குள் வைத்து, அழுத்தாமல், மெதுவாகச் சுற்றுவார். முதலில் கஞ்சி கொதிப்பது போலப் பெரிய பெரிய குமிழ் வரும். மற்றவர்கள் அந்த இடத்திலேயே அவசரப்பட்டு எடுத்து முகத்தில் பூசிவிடுவார்கள். அண்ணன் விரல் நுனியால் சில துளி தண்ணீர் தெளித்து இன்னும் சுற்றுவார். சளசளவென்ற சத்தம் மெல்லக் குறைந்துகொண்டே வரும். சத்தம் முற்றாக நின்றுபோகும்போது கோப்பை நிறைந்திருக்கும். குமிழே தெரியாது. அடித்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரே பரப்பு. பிரஷை நிமிர்த்தினால் நுரையின் நுனி சரியாமல் நிற்கும்.

இவ்வளவுக்கும் அவருடைய முழங்கை அசையாது. மணிக்கட்டு மட்டும்தான் சுழலும். கம்பி இழையைத் திருப்புவதும் அதே மணிக்கட்டுத்தான் என்று கயிற்றுப் பகுதிக்காரர் சொல்வார்கள்.

அந்த நுரையை அண்ணன் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. சவுக்காரம் கிடைக்காதவர்கள் வந்து இரண்டு விரலால் அள்ளிக்கொண்டு போவார்கள். பேசாமல் கோப்பையை நீட்டுவார். கிண்ணியாவிலிருந்து தோணியில் வரும் ஒரு முஸ்லிம் நண்பரும், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், நாள்தோறும் வந்து நிற்பார். அண்ணனோடு கயிற்றுப் பகுதியில் வேலை செய்தவர். அவருக்கு நெஞ்சு வரை தாடி.

"மச்சான், அதில ஒரு கரண்டி தாவன். வீட்ட கொண்டுபோய் வட்டிலப்பத்துக்கு மேல ஊத்துறன்," என்பார்.

"முதல்ல வட்டிலப்பத்தைக் கொண்டா," என்பார் அண்ணன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து நானா வீட்டில் அவிக்கும் இனிப்பு அது.

ஒரு நாள் பாரம் தூக்கும்போது கம்பிக் கயிறு தெறித்து அண்ணனின் வலது கையில் அடித்தது. ஆசுபத்திரியில் முறிந்த எலும்புகளைப் பொருத்திக் கட்டினார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தபோது விரல்கள் மடங்கின, ஆனால் மணிக்கட்டு பலகை போல இருந்தது. பழகப் பழகச் சரிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். போர்மன் நல்ல மனிதர். அண்ணனின் இடத்தை மாத முடிவு வரை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் வந்து தன் முன்னால் கம்பிக் கயிற்றில் ஒரு கண் போட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கேற்றில் கதிரை போட்டு இருக்கலாம், போகிற வருகிற லொறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்தக் கதிரையை நினைத்தாலே அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசுபத்திரியில் முகம் முழுக்க மயிர் வளர்ந்திருந்தது. நான் சனிக்கிழமைகளில் போகும் சலூனுக்கு அவரையும் கூப்பிட்டேன்.

"முகத்துக்கும் ஆள் வைக்கச் சொல்லுறியோ?" என்றார்.

அன்றிலிருந்து காலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கோப்பையோடு இருக்கத் தொடங்கினார். யாரும் கிட்டப் போகக் கூடாது. நான் குசினி யன்னலால் பார்ப்பேன். பிரஷை ஊறவிட்டார், சொட்டவிட்டார், எல்லாம் முன்போலத்தான். ஆனால் நுரை வரவில்லை. எவ்வளவு சுற்றியும் சாம்பல் நிறத்தில் தண்ணீர்தான் நின்றது. அதில் திரைந்த பால் போலச் சிறு சிறு துணுக்குகள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, மறுபடி மறுபடி சுற்றினார். கடைசியில் அதையே முகத்தில் பூசி வழித்தார். மிச்சத்தை வாழையடியில் ஊற்றிக் கோப்பையைத் துவாயால் மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பூனை கீறினதோ?" என்று மச்சாள் அவருடைய கன்னத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிளேட் சரியில்லை."

ஒவ்வொரு நாளும் இப்படித்தான். சவுக்காரம் தேய்ந்துகொண்டே போனது, நுரை மட்டும் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்கு விளங்கியது. நுரை எழும்பினால் கை திரும்பிவிட்டது, எழும்பாவிட்டால் கதிரைதான் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் மாரியில் ஓரளவு நன்றாக இருக்கும். கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேல் காற்று பிடித்து வெயில் ஏற ஏற உப்பு ஊறிவிடும். அண்ணன் கை அடிபட்டு வீட்டில் இருந்ததும் கச்சானில்தான். அந்த மாதங்களில் குடிக்கவும் சமைக்கவும் பெண்கள் கோயிலடிக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வருவார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுக் கிணறுதான். நல்ல தண்ணீரில் கை கழுவினாலே வீட்டில் ஏச்சு விழும். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அண்ணன்தான். மச்சாள் தூரத்திலிருந்து சுமக்கிறாள், ஒரு சிரட்டைகூட வீணாகக் கூடாது என்பார். குளிக்கும்போது சவுக்காரம் சரியாக நுரைக்காதது எனக்கும் தெரியும். அந்த நாளில் கிடைத்த சவுக்காரமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானா ஒரு கோர்வை மீனோடு வந்தார். மச்சாள் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனார். நானா கிணற்றடியில் அண்ணனுக்கும் எனக்கும் பக்கத்தில் குந்தினார்.

"போர்மன் கேக்கிறார், நாளைக்கு வாறியோ எண்டு."

"கதிரையைத் துடைச்சு வைக்கச் சொல்லு," என்றார் அண்ணன்.

"என்ன விசர்க் கதை இது? கையைக் காட்டு பாப்பம்."

"என்னத்தைக் காட்டுறது? நுரை அடிக்கவே ஏலாத கை. கம்பியைத் திருப்புமோ?"

நானா சிரித்தார். அண்ணன் பகிடி விடுவதாக நினைத்துவிட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. எழும்பிப் போய்க் கோப்பையையும் பிரஷையும் எடுத்து வந்து, கிணற்றில் அள்ளி, எங்கள் இருவருக்கும் முன்னால் சுற்றத் தொடங்கினார். இவ்வளவு நாளும் ஒளித்ததை அன்று அவரே காட்டினார். சுற்றினார், சுற்றினார். அதே சாம்பல் தண்ணீர். அதே துணுக்கு. நானாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. நான் நிலத்தைப் பார்த்தேன்.

மீன் கழுவ வாளியோடு வந்த மச்சாள் குனிந்து கோப்பைக்குள் பார்த்தார்.

"இதுக்கோ இவ்வளவு நாளும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

அண்ணன் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ, இந்தத் தண்ணியில எந்தச் சவுக்காரம் நுரைச்சது? உங்கட உடுப்பையெல்லாம் தோய்க்க நான் ஏன் கோயிலடிக்குக் காவிக்கொண்டு போறன் எண்டு நினைச்சீங்கள்? காத்து வாங்கவோ?"

"யார்ட்டில இதே சவுக்காரந்தானே..." என்று அண்ணன் தொடங்கினார்.

"யார்ட்டுப் பைப்பில வாறது கந்தளாய்க் குளத்து நல்ல தண்ணி, மச்சான்," என்றார் நானா மெதுவாக.

அண்ணனின் முகத்தில் நம்பிக்கை வந்தது என்று சொல்ல முடியாது. பயம்தான் கூடியது போல இருந்தது. இவ்வளவு நாளும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதென்று இருந்தார். இப்போது அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும்.

மச்சாள் உள்ளே போய்க் குடத்தைத் தூக்கி வந்தார்.

"குடிக்கிற தண்ணியிலயோ? கொண்டுபோய் வை அதை."

"இண்டைக்குத் தேத்தண்ணி இல்லாமல் கிடவுங்கோ," என்று சொல்லிக்கொண்டே கோப்பையில் இருந்ததைக் கொட்டி, நல்ல தண்ணீரால் அலசி, ஒரு தகரப் பேணி நிறைய ஊற்றி வைத்தார். பிரஷையும் அதிலேயே கழுவினார். நல்ல தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்து அண்ணன் முகம் சுளித்தார்.

பிறகு பிரஷை ஊறவிட்டார். தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். வழக்கத்துக்கு மாறாக அந்த நேரத்தில் யாருடனும் கதைக்கவில்லை. கோப்பையின் அடியில் நகம் அளவுக்குத்தான் சவுக்காரம் இருந்தது. அதன் மேல் பிரஷை வைத்து, அழுத்தாமல் சுற்றினார்.

பெரிய குமிழ்கள் வந்தன. அவர் நிறுத்தவில்லை. விரலால் தெளித்தார், சுற்றினார். சளசளவென்ற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாள். அது மெல்லக் குறைந்தது. அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். முழங்கை அசையவில்லை. மணிக்கட்டு சுழன்றது. முன்போல இலகுவாக இல்லை, கொஞ்சம் இறுக்கமாகத்தான், ஆனால் முழு வட்டமாகச் சுழன்றது. நுரைக்காத தண்ணீரோடு ஒவ்வொரு காலையும் மல்லுக்கட்டியதில் அது தானாக இளகியிருக்க வேண்டும். அந்த நாட்களில் கையை யாரும் கவனிக்கவில்லை, அவரும்தான். எல்லாரும் கோப்பையைத்தான் பார்த்தோம்.

சத்தம் நின்றது. அண்ணன் பிரஷை நிமிர்த்தினார். நுனி நின்றது.

"ம்," என்றார் நானா. "விழுகுதில்லை."

அண்ணன் பிரஷைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் திருப்பி நானாவின் தாடி நுனியில் ஒரு பொட்டு வைத்தார்.

"வட்டிலப்பம் கொண்டு வந்தனியோ?"

"மீன் கொண்டு வந்தனான்," என்றார் நானா, தாடியைத் துடைக்காமலே.

மச்சாள் வாளியோடு திரும்பிப் போனார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். கேட்டிருந்தால் மீன் செதில் பட்டது என்று சொல்லியிருப்பார்.

அண்ணன் கண்ணாடியைக் கிணற்றுக் கட்டின் மேல் சாத்திவைத்து நிதானமாக வழித்தார். ஒரு கீறல் இல்லை. வழித்து முடித்தும் கோப்பையில் பாதிக்கு மேல் நுரை இருந்தது. நகம் அளவு சவுக்காரத்தில் அவ்வளவு நுரை எங்கிருந்து வந்ததோ. நானாவுக்குத் தாடி. ஆகவே அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, வா. வீணாப் போகக் கூடாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் இருந்தேன். பிரஷ் கன்னத்தில் பட்டபோது முதலில் குளிர்ந்தது, பிறகு இதமாக இருந்தது. பாரமே இல்லை. சலூனில் பூசும் நுரை காதடிக்குப் போவதற்குள் கன்னத்தில் காய்ந்துவிடும். இது கடைசி வரை ஈரமாக, இறங்காமல் அப்படியே நின்றது. அவருடைய மணிக்கட்டு என் தாடையோரமாகச் சுழலும்போது உள்ளே எலும்பு சிறிதாக நெறிபடும் சத்தம் கேட்டது. வலிக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பல வருடம் தள்ளி நின்று பார்த்த நுரை அன்றுதான் என் முகத்துக்கு வந்தது.

நானா போகும்போது ஒழுங்கை முனையில் நின்று, "போர்மனுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"நான் வந்து சொல்லுறன்," என்றார் அண்ணன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. அண்ணன் முதல் பஸ்ஸில் போய், போர்மனுக்கு முன்னால் கம்பிக் கயிற்றில் ஒரு கண் போட்டார். கேற்றுக் கதிரையில் வேறு ஒருவரை இருத்தினார்கள். வீட்டுக் குடம் வெறுமையாக இருந்ததால், நான் கோயிலடிக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.